மலக்கட்டுக்குக் கைமருந்து: கல்முனைக் கரைப் பரிசாரிகளின் முறை

மலக்கட்டு என்று இலங்கையின் கிழக்கே கல்முனைக் கரையில் சொல்லப்படுவது ஒரே நோயல்ல. நற்பிட்டிமுனையில் ஒரு பரிசாரியிடம், அதாவது நாட்டு வைத்தியரிடம், "வயிறு கட்டிப் போச்சு" என்று வருகிறவர்களில் ஒருவர் மூன்று நாளாக வெளிக்குப் போகாதவர். இன்னொருவர் நாள் தவறாமல் போகிறவர்தான், ஆனால் அரை மணி நேரம் முக்க வேண்டியிருக்கிறது. மூன்றாமவருக்குப் போய் வந்த பிறகும் மிச்சம் கிடப்பது போன்ற உணர்வு. மூவருக்கும் மருந்து ஒன்றாக இருக்க முடியாது. அதனால் தொழில் தெரிந்த பரிசாரி நாடியில் கை வைக்கும் முன்னரே மலத்தைப் பற்றி விசாரிப்பார்: எத்தனை நாளுக்கு ஒருமுறை, இறுகியதா இளகியதா, ஆட்டுப் புழுக்கை போல உருண்டையா, இரத்தம் உண்டா, எப்போதிருந்து இப்படி. வந்தவர் வெட்கப்பட்டால் அந்த வீட்டு மூத்த பெண்ணிடம் கேட்பார்.

இன்றைய மருத்துவத்தின் வரையறையும் இந்தக் கேள்விகளை ஒட்டியதே. வாரத்தில் மூன்று முறைக்குக் குறைவாகப் போவது, கால்வாசித் தடவைகளுக்கு மேல் முக்க வேண்டியிருப்பது, மலம் கட்டியாக வருவது, முழுதும் போகாத உணர்வு ஆகியவை மாதக்கணக்கில் நீடித்தால் அது நாட்பட்ட மலச்சிக்கல். இங்கிலாந்தின் பிரிஸ்டல் பல்கலைக்கழகத்தார் 1997இல் வெளியிட்ட அளவுகோல் மலத்தை ஏழு வடிவங்களாகப் பிரிக்கிறது. முதல் வடிவம் தனித்தனியான கெட்டி உருண்டைகள், அதாவது பரிசாரி கேட்கும் புழுக்கை. நாள்தோறும் போயே ஆக வேண்டும் என்ற விதி எங்கும் இல்லை. இரண்டு நாளுக்கு ஒருமுறை இலகுவாகப் போகிறவருக்கு நோயில்லை, மருந்தும் வேண்டாம். பரிசாரியிடம் வருகிறவர்களில் இப்படிப்பட்டவர்களும் இருக்கிறார்கள். அவர்களை மருந்தில்லாமல் திருப்பி அனுப்புவது கடினமான வேலை.

இந்தக் கரையில் வைத்தியம் இரண்டு ஊற்றுகளிலிருந்து வந்தது. ஏட்டு வாகடங்களின் வழியே வந்த தமிழ்ச் சித்த வைத்தியம் ஒன்று, அரபு நாட்டு வணிகரோடும் இந்திய ஹக்கீம்களோடும் தொடர்புடைய யூனானி மற்றது. கொழும்பில் 1929இல் தொடங்கிய சுதேச வைத்தியக் கல்லூரி ஆயுர்வேதம், சித்தம், யூனானி மூன்றையும் கற்பித்தது. 1961ஆம் ஆண்டின் 31ஆம் இலக்க ஆயுர்வேதச் சட்டம் வைத்தியர்களின் பதிவுக்கு விதி வகுத்தது. ஆயினும் மலக்கட்டுக்கான மருந்தில் பெரும்பங்கு பட்டத்தோடோ பதிவோடோ சேர்ந்ததல்ல. அது அடுப்படியிலும் சரக்குக் கடையிலும் கிடப்பது. பரிசாரியின் வேலை அவற்றை எந்த வரிசையில், எந்த அளவில் எடுப்பது என்று சொல்வது.

அந்த வரிசைதான் பெரும்பாலான வீடுகளில் தலைகீழாக நடக்கிறது. "மகன், நாலு நாளாக் கக்கூசுக்குப் போகல்ல, ஒரு பேதி தாங்க" என்பதே வழக்கமான கோரிக்கை. பேதி வேறு, மலமிளக்கி வேறு. பேதி குடலை முழுதாகக் கழுவிவிடும். இளக்கி மலத்தில் நீரைத் தங்கவைத்து அதன் போக்கில் வெளியேற விடும். பேதி குடித்தவருக்கு அன்று ஐந்தாறு முறை போகும், பெரிய நிம்மதி. ஆனால் வெறுமையான பெருங்குடல் மறுபடி நிரம்ப இரண்டு மூன்று நாள் ஆகும். அந்த நாள்களில் போகாதது இயல்பு. அதைக் கட்டு திரும்பிவிட்டதாக எண்ணி அவர் அடுத்த பேதியைக் குடிக்கிறார். நாட்பட்ட மலச்சிக்கல்காரர்களில் கணிசமானவர்கள் இந்தச் சுழலுக்குள் அகப்பட்டவர்கள்.

காரணங்கள் ஊரின் உழைப்பிலும் சாப்பாட்டிலும் இருக்கின்றன. நற்பிட்டிமுனைக்கு மேற்கே விரியும் வயல்களில் அறுவடைக் காலத்தில் வெயிலில் நிற்பவர் வியர்வையில் இழக்கும் நீருக்கு ஈடாகக் குடிப்பதில்லை. மருதமுனைத் தறிகளில் நெசவாளர் பகல் முழுதும் உட்கார்ந்தே இருக்கிறார்கள். பள்ளிக்கூடத்துக் கக்கூசைக் கண்டு முகம் சுளிக்கும் பிள்ளை வீடு வரும்வரை அடக்குகிறது. அடக்கிய மலத்திலிருந்து பெருங்குடல் தொடர்ந்து நீரை உறிஞ்சுவதால் அது மேலும் இறுகுகிறது. மலத்தை அடக்கக் கூடாத பதினான்கு வேகங்களில் ஒன்றாகச் சித்த வைத்தியம் வைத்திருக்கிறது. மலசலத்தை அடக்கிக்கொண்டு தொழ வேண்டாம் என்று நபிமொழியும் தடுக்கிறது. ஜமாஅத் தவறிவிடும் என்று அவசரப்படுகிற முதியவர்களிடம் பரிசாரிமார் எடுத்துச் சொல்வது இதைத்தான், அதற்கு எதிர்வாதம் வருவதில்லை.

சாப்பாட்டில் வந்த மாற்றம் பெரிது. கல்முனை அமைந்த அம்பாறை நெல் விளையும் மாவட்டம், ஆனால் தவிடு நீங்கிய வெள்ளைச் சோறே வீட்டுக்கு வருகிறது. காலையில் பாண், இரவில் பராட்டா அல்லது கொத்துரொட்டி. திருகோணமலையில் 1980இல் பிரிமா மாவாலை இயங்கத் தொடங்கிய பிறகு கோதுமை மா எந்தக் கடையிலும் தட்டுப்படாத நாளில்லை. உலக சுகாதார நிறுவனம் வளர்ந்தவருக்கு நாளொன்றுக்குக் குறைந்தது 25 கிராம் நார்ச்சத்து வேண்டும் என்கிறது. 100 கிராம் வெள்ளைச் சோற்றில் அரை கிராம்கூடத் தேறாது. அதே எடை அவித்த பாசிப்பயற்றில் 7 கிராமுக்கு மேல், கொய்யாப்பழத்தில் 5 கிராமுக்கு மேல், பேரீச்சம்பழத்தில் 8 கிராம் அளவில் இருக்கிறது. ஹஜ்ஜுப் பெருநாள் முடிந்த வாரத்தில் பரிசாரி வீட்டு விறாந்தையில் ஆள் கூடுவதற்கு வேறு விளக்கம் தேவையில்லை. உழ்ஹிய்யா இறைச்சி மூன்று வேளையும் சட்டியில் இருக்கும், கீரை இருக்காது.

ஆகவே முதல் மருந்து இலை. முருங்கை, அகத்தி, வல்லாரை, பொன்னாங்கண்ணி, முசுட்டை ஆகியவை வேலியிலும் சந்தையிலும் கிடைக்கின்றன. இலைக்கஞ்சிக்குச் சிவப்பரிசியை உள்ளிப்பூண்டோடு குழைய அவித்து, தேங்காய்ப்பால் விட்டு, அரைத்த இலைச்சாற்றை இறக்கும் தறுவாயில் ஊற்ற வேண்டும். ஊற்றிய பின் கொதித்தால் பச்சை நிறம் போய்க் கஞ்சி கசந்துவிடும். கடித்துக்கொள்ள ஒரு துண்டு பனங்கட்டி. சுவையான காலை உணவு, சந்தேகமில்லை. ஆனால் துணியில் சாற்றைப் பிழிந்து சக்கையை எறிகிற வழக்கம் மலக்கட்டுக்காரருக்குப் பயன் தராது, ஏனென்றால் அவருக்கு வேண்டியது அந்தச் சக்கைதான். அவருக்குக் கஞ்சியைவிடச் சுண்டல் மேல்: இலையை மெல்லியதாக அரிந்து, வெங்காயமும் தேங்காய்ப்பூவும் சேர்த்து, சட்டியில் இரண்டு பிரட்டுப் பிரட்டி இறக்கியது, பகல் சோற்றோடு ஒரு கைப்பிடி அல்ல, இரண்டு கைப்பிடி.

பழங்களில் பப்பாசியும் கொய்யாவும் முன்னிற்கின்றன. கொய்யாவை விதையோடு தின்ன வேண்டும். கோழிக்கூடோ கதலியோ நன்கு பழுத்ததாக இருக்க வேண்டும், காய்வெட்டான வாழைப்பழம் எதிர்ப்பக்கம் இழுக்கும். கோடையில் இந்தக் கரையில் வரும் வெள்ளரிப்பழமும் வத்தகைப்பழமும் நாரைவிட நீரைத் தருபவை. இரவில் ஊறவைத்த உலர்ந்த முந்திரிகைப்பழத்தை ஊறிய நீரோடு காலையில் கொடுப்பது பிள்ளைகளுக்கு ஏற்றது. மாலைத் தேத்தண்ணியோடு ரோல்ஸும் பற்றீஸும் தின்பவரை அவித்த கடலை, கௌபி, பயறு பக்கம் திருப்பிவிட்டால் மருந்தின் தேவை பாதியாகும். ஒன்றே ஒன்று: நாரைத் திடீரென்று கூட்டினால் வயிறு ஊதும், காற்றுப் பிரியும். இரண்டு மூன்று வாரத்தில் படிப்படியாக ஏற்ற வேண்டும்.

தண்ணீரைப் பற்றி மிகைப்படுத்திச் சொல்பவர்கள் அதிகம். உடலில் நீர் வற்றியவருக்குத் தண்ணீர் மருந்து. போதிய அளவு குடிக்கிறவர் அதற்கு மேலும் குடத்தைக் கவிழ்த்தால் சிறுநீர்தான் கூடும். நார் உண்பவருக்கு மட்டும் தண்ணீர் கட்டாயம், அது இல்லாமல் நார் வேலை செய்யாது. காலையில் வெந்நீரோ தேத்தண்ணியோ குடித்து ஏதாவது சாப்பிட்டதும் பெருங்குடல் தானாக அசையும். இரைப்பை நிரம்பும்போது கீழே செய்தி போகும் இயல்பான விசை அது. அந்த நேரத்தில் பத்து நிமிடம் கக்கூசில் இருக்கப் பழக வேண்டும், கைத்தொலைபேசி இல்லாமல். சுபஹுத் தொழுகைக்கு எழும் ஊரில் இதற்கு நேரம் கண்டுபிடிப்பது சிரமமில்லை.

குந்தியிருந்து போவது குடலின் கடைசி வளைவை நேராக்குகிறது. கொமட் வைத்த புது வீடுகளில் முழங்கால் இடுப்பைவிட உயரும்படி காலடியில் ஒரு சிறு பலகையைப் போட்டால் அதே பலன் ஏறத்தாழக் கிடைக்கும். செலவில்லாத இந்தப் பலகையை வைத்தியமாக ஏற்க மறுப்பவர்கள்தான் மிகுதி.

நோன்பு மாதம் தனிக் கணக்கு. பகல் முழுதும் நீரில்லை, இஃப்தாரில் பொரித்த பண்டம், நோன்புக் கஞ்சியில் அரிசியும் தேங்காய்ப்பாலும் இறைச்சியும். பேரீச்சம்பழத்தோடு நோன்பு திறப்பது நல்ல தொடக்கம், ஆனால் ஒரு பழத்தோடு நிறுத்திப் பற்றீசுக்குத் தாவக் கூடாது. இஃப்தாருக்கும் ஸஹருக்கும் இடையில் தண்ணீரைப் பங்கிட்டுக் குடிக்க வேண்டும். கஞ்சியில் ஒரு பிடி முருங்கையிலை விழுந்தால் ருசி கெட்டுவிடாது. ஸஹரில் எருமைத் தயிரும் வாழைப்பழமும் பிசைந்த சோறு இந்தக் கரையின் பழைய வழக்கம், அதைச் சிவப்பரிசிச் சோறாக்கினால் போதும். சர்பத்தில் மிதக்கும் கசகசா (திருநீற்றுப்பச்சை) விதை நீரில் ஊறி வழுவழுப்பான உறை கட்டுவது. அழகுக்காகத் தூவுவதைவிடச் சற்றுக் கூடுதலாகப் போடலாம்.

சாப்பாடு மட்டும் போதாதபோது அடுத்த படி இசப்கோல் உமி. குசராத்திலும் இராசத்தானிலும் விளையும் ஒரு செடியின் விதைத்தோல் இது, இப்போது எந்த மருந்துக்கடையிலும் பொட்டலமாகக் கிடைக்கிறது. ஒரு தேக்கரண்டியை ஒரு பெரிய கிளாஸ் தண்ணீரில் கலக்கி, கூழாக இறுகும் முன் குடித்துவிட்டு, மேலும் ஒரு கிளாஸ் தண்ணீர் குடிக்க வேண்டும். பலன் தெரிய இரண்டு மூன்று நாளாகும். தண்ணீர் குறைந்தால் தொண்டையிலோ குடலிலோ அடைத்துக்கொள்ளும். விழுங்கச் சிரமப்படும் முதியவருக்கு இதைக் கொடுக்கவே கூடாது. வெந்தயத்தை இரவில் ஊறவைத்துக் காலையில் மெல்லாமல் விழுங்குவதும் இதே வகை, வலிமையில் குறைந்தது.

கடுக்காய்க்குத் தனி மரியாதை உண்டு. பிபிலை, மொனராகலைப் பக்கக் காடுகளில் விளைவதும் இந்தியாவிலிருந்து வருவதும் சரக்குக் கடையில் கிடைக்கின்றன. நல்ல கடுக்காய் கையில் பாரமாக இருக்கும், நீரில் போட்டால் அமிழும். மிதப்பதை ஒதுக்க வேண்டும். உடைத்துக் கொட்டையை எறிந்துவிட்டுத் தோட்டை மட்டும் வெயிலில் காயவைத்து இடித்து, துணியில் சலித்து எடுப்பார்கள். இதில் முரணான குணம் ஒன்று உண்டு. கடுக்காயில் குடலை இறுக்கும் துவர்ப்பும் இருக்கிறது, குடலைத் தூண்டும் பொருளும் இருக்கிறது. அவித்தால் கட்டும், அரைத்தால் இளக்கும் என்று பழைய நூல்கள் பிரித்துச் சொல்வது இதனாலேயே. வயிற்றோட்டத்துக்கும் மலக்கட்டுக்கும் ஒரே காயை வெவ்வேறு பக்குவத்தில் கொடுப்பதைப் பார்த்து ஏமாற்று வேலை என்று நினைப்பவர்கள் பக்குவத்தைக் கவனிப்பதில்லை. படுக்கும் முன் அரைத் தேக்கரண்டித் தூளை வெந்நீரில் கொடுப்பது வழக்கம். நெல்லியும் தான்றியும் சேர்ந்தால் திரிபலை. யூனானியில் அதையே எண்ணெயில் பிசறித் தேனில் குழைத்து இத்ரீபல் என்று வைக்கிறார்கள். தேனும் சீனியும் சேர்ந்த அந்த லேகியத்தை நீரிழிவுக்காரர் தவிர்த்துவிட்டு, தூளை எடுப்பது நல்லது.

நிலாவாரை, முஸ்லிம் வீடுகளில் சனாமக்கி, இந்த வரிசையில் கடைசிக்கு முந்தியது. நபிமொழிகளில் பெயர் பெற்ற இலை என்பதால் அதில் தீங்கே இல்லை என்ற நம்பிக்கை பரவலாக இருக்கிறது. அந்த நம்பிக்கை அளவை மறக்கச் செய்கிறது. உலகச் சந்தையில் திருநெல்வேலிப் பெயரால் அறியப்படும் இந்த இலையில் சென்னோசைடு என்ற பொருள் உண்டு. அது இரைப்பையிலும் சிறுகுடலிலும் மாறாமல் கடந்து, பெருங்குடலில் வாழும் பாக்டீரியாக்களால் உடைக்கப்பட்ட பின்பே வேலையைத் தொடங்குகிறது. குடித்து 6 முதல் 12 மணி நேரம் கழித்துப் போவது இதனால்தான். இதை அறியாதவர் இரவு குடித்துவிட்டு ஒரு மணி நேரத்தில் ஒன்றும் நடக்கவில்லை என்று மீண்டும் குடிக்கிறார், விடியும்போது அவதிப்படுகிறார்.

வளர்ந்தவருக்குக் காய்ந்த இலை 1 முதல் 2 கிராம் போதும். கையால் அள்ளுவது ஆபத்து, ஒரு பெரிய கைப்பிடியே பல மடங்காகிவிடும். கொதிக்கும் நீரில் போட்டு அவித்தால் வயிற்றை முறுக்கும் பிசினும் இறங்கும். இரவெல்லாம் குளிர்ந்த நீரில் ஊறவைத்து வடித்தால் முறுக்கு குறைவு. பெருஞ்சீரகமும் ஒரு துண்டு இஞ்சியும் சேர்ப்பது அதே நோக்கத்துக்காகத்தான். சிறுநீர் மஞ்சளாகவோ சிவந்தோ போனால் பயப்பட வேண்டியதில்லை. ஒரு வாரத்துக்கு மேல் வைத்தியரைக் கேட்காமல் தொடரக் கூடாது. அளவு மீறினால் உடலிலிருந்து பொட்டாசியம் போகும். இதயத்துக்கும் இரத்த அழுத்தத்துக்கும் குளிசை எடுக்கிறவர்களுக்கு அது தீங்கு. கற்றாழையின் மஞ்சள் பாலும் இதே இனம், இதைவிடக் கடுமை. கற்றாழைப் பாலை வைத்தியர் சீட்டில்லாமல் மலமிளக்கியாக விற்பதை அமெரிக்கா 2002இல் நிறுத்திவிட்டது. வீட்டில் கற்றாழைச் சோற்றை எடுப்பவர் தோலடியிலுள்ள அந்த மஞ்சள் நீரை நன்கு கழுவிவிட வேண்டும்.

கடைசியில் ஆமணக்கெண்ணெய். பள்ளி விடுமுறை வந்ததும் வீட்டுப் பிள்ளைகளை வரிசையில் நிறுத்தி, மூக்கைப் பிடித்து வாயில் ஊற்றுவது கரையெங்கும் நடந்த சடங்கு. இஞ்சித் தேத்தண்ணி, சில மணி நேரத்தில் ஓட்டம், மாலையில் தேசிக்காய்த் தண்ணி, பிறகு தயிர்ச்சோறு. பூச்சி போகும், இரத்தம் சுத்தமாகும் என்பார்கள். பூச்சிக்கு இன்று ஒரே குளிசை இருக்கிறது, இரத்தத்துக்கும் குடலைக் கழுவுவதற்கும் தொடர்பில்லை. எண்ணெயின் ரிசினோலிக் அமிலம் குடலின் தசையைச் சுருங்கச் செய்கிறது, கருப்பையின் தசையையும் அவ்வாறே செய்கிறது. ஆகவே கர்ப்பிணிக்கு அது முற்றாக விலக்கு. எப்போதாவது ஒருமுறைக்கு மேல் மலச்சிக்கலில் அதற்கு இடமில்லை. நேர்வாளம் சேர்ந்த பேதிக் குளிசைகளைப் பற்றி ஒரு வரி போதும்: அந்த விதையைச் சுத்தி செய்யத் தெரிந்த கை இன்று அரிது, வீட்டில் தொடவே கூடாது.

தாய்ப்பால் மட்டும் குடிக்கும் பச்சைக்குழந்தை சில நாள் போகாமல் இருந்தாலும், மலம் இளகியிருந்து பாலும் குடித்தால் அது கட்டல்ல. வெற்றிலைக் காம்பில் எண்ணெய் தடவி வைப்பது பழைய கைப்பழக்கம். அவசரத்துக்கு வேலை செய்யும், ஆனால் வழக்கமாக்கினால் குழந்தை தூண்டுதலுக்குக் காத்திருக்கும், மென்மையான இடத்தில் கீறலும் விழும். சவர்க்காரத் துண்டு வைப்பது அதைவிட மோசம், எரிச்சலில் பிள்ளை மேலும் அடக்கும். ஒரு வயது ஆகும்வரை தேன் கூடாது, அதில் இருக்கக்கூடிய நச்சுக்கிருமியின் வித்துகளைச் சிசுவின் குடல் தாங்காது. வளர்ந்த பிள்ளைக்குச் சாப்பாட்டுக்குப் பின் கக்கூசில் உட்காரும் பழக்கமும் பப்பாசியும் பெரும்பாலும் போதும். பிறந்தது முதலே கட்டும் வயிறு ஊதலும் இருந்தால் அது பரிசாரியின் வேலையல்ல.

கர்ப்பிணிகளுக்குக் கிளினிக்கில் கொடுக்கும் இரும்புக் குளிசை மலத்தைக் கறுப்பாக்கி இறுக்கும். அதற்காகக் குளிசையை இரகசியமாக நிறுத்துவது இங்கே நடக்கிறது. நிறுத்தாமல் பயறு, கீரை, பழம், தேவையானால் இசப்கோல் என்று போக வேண்டும், மருத்துவமாதுவிடமும் சொல்ல வேண்டும். பிள்ளைப்பேற்றுக்குப் பிந்திய நாற்பது நாள் இன்னும் சிக்கலானது. சரக்குக் கறியும் வறுத்த மீனும் சோறுமாகப் பத்தியம் நடக்கும். பச்சைத்தண்ணி ஆகாது என்று குடிநீரைக் குறைப்பார்கள். தையல் போட்ட பெண் முக்கப் பயந்து அடக்குவாள். பத்தியத்தின் மிளகும் உள்ளிப்பூண்டும் மஞ்சளும் இருக்கட்டும். தண்ணீரைக் குறைக்கும் விதியை மட்டும் கைவிட வேண்டும். பச்சைத்தண்ணி வேண்டாம் என்றால் கொதித்தாறிய நீரை நிறையக் கொடுக்கலாம். முருங்கையிலையும் பப்பாசிப்பழமும் பத்தியத்தை முறிப்பதில்லை. பால் கொடுக்கும் தாய் சனாமக்கியைத் தவிர்ப்பது நல்லது.

முதியவர்களிடம் முதலில் பார்க்க வேண்டியது குளிசைப் பையை. வலிக்கான கோடீன், மனச்சோர்வுக்கான சில மருந்துகள், கல்சியம் ஆகியவை குடலை மந்தமாக்கும். நீரிழிவும் தைரொயிட் குறைவும் அப்படியே.

எந்தக் கைமருந்துக்கும் இடமில்லாத நிலைகள் உண்டு. வயிற்று நோவோடு காய்ச்சல் இருந்தால் பேதியும் வேண்டாம் இளக்கியும் வேண்டாம், குடல்வாலில் அழற்சி இருந்தால் அது உடைந்துவிடலாம். வயிறு ஊதி, வாந்தி எடுத்து, காற்றுக்கூடப் பிரியாவிட்டால் குடலடைப்பு. மலத்தில் இரத்தம், காரணமில்லாத எடைக்குறைவு, ஐம்பது தாண்டியவருக்குப் புதிதாகப் பழக்கம் மாறுவது ஆகியவற்றில் புற்றுநோயை விலக்கிப் பார்க்க வேண்டும். கல்முனையிலேயே அஷ்ரப் ஞாபகார்த்த வைத்தியசாலையும் வடக்கு ஆதார வைத்தியசாலையும் இருக்கும்போது தாமதிக்கக் காரணமில்லை. அங்கே போகிறவர் எந்தச் சரக்கை, எவ்வளவு, எத்தனை நாளாகக் குடித்தார் என்பதைத் திட்டுக்குப் பயந்து மறைக்காமல் சொல்ல வேண்டும். மிச்சப் பொட்டலத்தையும் கொண்டுபோவது நல்லது, ஏனெனில் பொட்டாசியம் இறங்கிய இரத்தப் பரிசோதனையின் காரணத்தை டொக்டர் அதைப் பார்த்தே விளங்கிக்கொள்வார்.